சோலை இருட்டுக்கு எந்த பைனாகுலர்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பறவை பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். 8×42 போதுமா, 10×50 வாங்கலாமா? 20×50 ஒன்றும் மலிவாகக் கிடைக்கிறது. (கோத்தகிரி)

8×42 வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். அது அகலமாக இருந்தால்தான் இருட்டில் படம் வெளிச்சமாகத் தெரியும். 8×42இல் அது 5.25 மி.மீ.; 20×50இல் வெறும் 2.5. 10×50இல் 5 மி.மீ. வரும்தான், ஆனால் கனம் அதிகம், கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும்.

உங்கள் ஊர் லாங்வுட் சோலைக்குள் காலையில் போய் நின்று பாருங்கள். வெளியே வெயில் அடித்தாலும் மரத்தடி இருட்டாகவே இருக்கும். அங்கே புதருக்குள் தாவும் நீலகிரி சிரிப்பான் பறவையின் வெள்ளைப் புருவம் பிடிபட வேண்டுமென்றால் வெளிச்சம்தான் முக்கியம், மடங்கு அல்ல. ஜூம் வைத்ததும், லென்ஸ் முகம் பார்க்கும் கண்ணாடி போலச் சிவப்பாக மின்னுவதும் வேண்டவே வேண்டாம்.

கோவையில் கடைக்கே போய் வாங்கப் போகிறேன். அங்கே நின்றபடி எதைச் சோதிப்பது? (குன்னூர்)

முதலில் கடை வாசலுக்குக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும்.

கையை நீட்டிப் பிடித்து, வெளுத்த வானத்தை நோக்கித் திருப்புங்கள் (சூரியன் பக்கம் ஒருபோதும் கூடாது). கண் வைக்கும் பக்கத்தில் இரண்டு ஒளிவட்டம் தெரியும். முழு வட்டமாக இருந்தால் சரி. ஓரம் சாம்பல் நிறத்தில் வெட்டுப்பட்டுச் சதுரம் போலத் தெரிந்தால் உள்ளே இருப்பது மட்டமான ப்ரிசம் (தலைகீழ் உருவத்தை நிமிர்த்தும் கண்ணாடிக் கட்டி).

அடுத்தது நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்காத சோதனை. எதிர் மாடியின் கைப்பிடிச் சுவர் போல நேர்கோடாக ஒன்றைப் பாருங்கள். பார்த்துக்கொண்டே பைனாகுலரைக் கண்ணிலிருந்து நாலு விரற்கடை விலக்குங்கள். இரண்டு வட்டத்திலும் கோடு ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். ஒன்றில் ஏறியும் ஒன்றில் இறங்கியும் இருந்தால் குழல்கள் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. கடையில் பார்க்கும் ஐந்து நிமிடத்துக்கு மூளை இரண்டையும் இழுத்துச் சேர்த்துவிடும். காட்டில் அரை மணி நேரத்தில் தலைவலி வரும். அதே மாடலில் வேறொன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், மலிவுச் சரக்கில் ஒன்றுக்கொன்று நிறைய வித்தியாசம் இருக்கும்.

மின்கம்பியை வானத்துக்கு எதிரே பார்த்தால் ஊதாவோ பச்சையோ ஓரம் கட்டும். விளிம்பில் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, நடுவில் இருக்கக் கூடாது.

ஒரு கண்ணில் மட்டும் மங்கலாகத் தெரிகிறதே? (கொடைக்கானல்)

வலது கண் பக்கம் உள்ள வளையத்தைச் சரிசெய்யாததுதான் பெரும்பாலும் காரணம். வலது முன் லென்ஸைக் கையால் மறைத்து, நடுச்சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மறைத்து, சக்கரத்தைத் தொடாமல் அந்த வளையத்தை மட்டும் திருப்புங்கள்.

கண்ணாடி போடுகிறேன். நிக்கான் அக்யுலான் ஏ211 8×42 எப்படி? (ஊட்டி)

அந்த விலைக்குப் படம் நன்றாக இருக்கும். ஆனால் கண்ணை 12 மி.மீ. நெருக்கத்தில் வைத்தால்தான் முழுக் காட்சியும் கிடைக்கும். கண்ணாடிக்காரர்களுக்கு 15க்கு மேல் வேண்டும். அதோடு அதில் தண்ணீர் புகும். ஊட்டி மழைக்கு ஆகாது. கொஞ்சம் கூடக் கொடுத்து, நைட்ரஜன் நிரப்பி நீர் புகாமல் அடைத்த ரகமாக வாங்குங்கள்.

எதிர்ச்சரிவில் மேயும் வரையாட்டைப் பார்க்க? (கூடலூர்)

10×42, முடிந்தால் முக்காலி ஸ்டாண்டில் பொருத்தி. காலையிலேயே பாருங்கள். வெயில் ஏறினால் பாறைமேல் காற்று அலையும். மடங்கு கூடக் கூட அந்த அலையும் பெரிதாகத்தான் தெரியும்.

லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி படர்ந்திருக்கிறது. (குன்னூர்)

பூஞ்சை. தோல் உறையிலேயே போட்டு அலமாரியில் வைத்திருப்பீர்கள். இனி காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் வறுத்து உலர்த்திக்கொள்ளலாம். வீட்டில் திருகைக் கழற்றித் துடைக்க வேண்டாம். ப்ரிசம் இம்மி நகர்ந்தாலும் மேலே சொன்ன கோடு நேராக ஓடாது.