தோல் இழுபட்டால் தழும்பு தடிக்குமா? கேள்வி பதில்

கேள்வி: கன்னத்தில் பட்ட வெட்டு மெல்லிய கோடாக ஆறிவிட்டது. நெஞ்சில் பட்டதோ சிவந்து தடித்து நிற்கிறது. ஏன்?

பதில்: நெஞ்செலும்பின் மேலுள்ள தோலுக்கு ஓய்வே கிடையாது. மூச்சு விடும்போதும் கையைத் தூக்கும்போதும் இருபுறமும் இழுபடுகிறது. காயத்தை நிரப்பும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் அந்த இழுப்பை உணர்கின்றன. இழுப்பு கூடினால், தசையைப் போலச் சுருங்கக்கூடிய செல்களாக உருமாறுகின்றன. அவை சுருங்கும்போது, சுற்றியுள்ள நாரில் அடைபட்டிருக்கும் டிஜிஎஃப் பீட்டா என்ற புரதம் விடுபட்டு, கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை இன்னும் சுரக்கத் தூண்டுகிறது. காயம் மூடியதும் மடிய வேண்டிய இந்தச் செல்கள், இழுப்பு ஓயாதவரை தங்கிவிடுகின்றன. தளர்ந்த தோலுள்ள கண்ணிமையில் கீலாய்டு, அதாவது காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் தடித்த தழும்பு, மிக அரிது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: என் காதுமடலில் கீலாய்டு வந்திருக்கிறது. அங்கே என்ன இழுப்பு?

பதில்: நியாயமான கேள்வி. இழுவிசை ஒன்றே காரணமல்ல. பரம்பரையும், குத்திய இடத்தில் நீடிக்கும் அழற்சியும் உண்டு. எல்லாவற்றையும் இழுப்பின் தலையில் கட்டுவது தவறு.

கேள்வி: கட்டியை எடுக்கும்போது மருத்துவர் ஏன் தோல் மடிப்பை ஒட்டியே வெட்டுகிறார்?

பதில்: 1861இல் கார்ல் லாங்கர் என்ற உடற்கூறியலாளர் பிணங்களின் தோலில் உருண்டை முனைக் கருவியால் குத்திப் பார்த்தார். துளை வட்டமாக நிற்கவில்லை, நீண்ட பிளவாகியது. தோல் ஏற்கெனவே ஒரு திசையில் விறைத்திருப்பதுதான் காரணம். அந்தப் போக்கிலேயே வெட்டினால் விளிம்புகள் அதிகம் விலகுவதில்லை. இன்று உயிருள்ளவரின் சுருக்கங்களையே பெரிதும் நம்புகிறோம். கண்ணாடி முன் புருவத்தை உயர்த்திப் பாருங்கள், நெற்றியில் கோடுகள் குறுக்கே ஓடும். அங்கே செங்குத்தான வெட்டு பளிச்சென்று தெரியும்.

கேள்வி: முழங்காலில் தையல் பிரித்தாயிற்று. ஓடலாமா?

பதில்: தயவுசெய்து பொறுங்கள். மூன்று வாரத்தில் காயத்துக்குப் பழைய வலுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். மாதங்கள் கழிந்தும் சுமார் 80 சதவீதத்தைத் தாண்டாது. மேலே மூடியிருப்பதைப் பார்த்து ஏமாந்து, முழங்காலை முழுதாக மடக்குகிறவர்களின் தழும்புதான் அகன்றுபோகிறது. எப்போது ஓடலாம் என்பதை உங்கள் காயத்தைப் பார்த்த மருத்துவரே சொல்ல வேண்டும்.

கேள்வி: ஒட்டுப்பட்டை பயன்படுமா?

பதில்: பயன்படும். காயம் நன்றாக மூடிய பிறகு, விளிம்புகளை மெதுவாக நெருக்கிப் பிடித்துக் காகிதப் பட்டையை ஒட்டுங்கள். தோல் அரித்தால் நிறுத்திவிடுங்கள். சில மாதங்களாவது விடாமல் செய்ய வேண்டும். பட்டையைப் பிரிக்கும்போது தோலை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, தழும்பின் போக்கிலேயே உரியுங்கள். குறுக்கே வெடுக்கென்று இழுக்காதீர்கள்.