திரையில் காட்டிய பல்வரிசை அப்படியே வாயில் வருமா?

கேள்வி: எனக்கு 26 வயது. முன்பற்கள் நெருக்கமாக இருக்கின்றன. மேல் கோரைப்பல் ஒன்று நன்றாகத் திரும்பியிருக்கிறது. வாயை ஸ்கேன் செய்து, 9 மாதங்களில் பற்கள் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் காட்டினார்கள். அலைனர் (பல்மேல் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறை) போட்டால் அந்தப் படம்போலவே வருமா, அல்லது கம்பி கிளிப்பே நல்லதா?

பதில்: முழுதும் அப்படியே வரும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். திரையில் பல்லை ஒரு நொடியில் திருப்பிவிடலாம். வாயிலோ, பல்லைச் சுற்றியுள்ள எலும்பு ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் வளர்ந்தால்தான் பல் நகரும்.

அலைனர் தயாரிப்பில் பெரிய குறை இல்லை. ஸ்கேனிலிருந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பல்மாதிரியை 3டி பிரிண்டரில் அச்சிட்டு, சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை அதன்மேல் படியவைக்கிறார்கள். ஒரு அலைனர் ஒரு பல்லை ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் நகர்த்தும்படி திட்டமிடுவார்கள். ஆனால் பல் அந்தத் திட்டத்துக்கு எவ்வளவு இணங்குகிறது? இன்விசலைன் என்ற பிராண்டு அலைனர்களைப் பற்றி 2009இல் வெளிவந்த ஆய்வில், திட்டமிட்ட அசைவில் சராசரியாக 41 சதவீதம்தான் நடந்திருந்தது. 2020இல் வந்த தொடர் ஆய்வில் அது 50 சதவீதமாக உயர்ந்தது. இதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். முதல் செட் முடிந்ததும் மறுபடி ஸ்கேன் செய்து, மீதியைக் கூடுதல் அலைனர்களால் சரிசெய்வது வழக்கமான சிகிச்சைதான். அதனால் 9 மாதம் என்பது நீளக்கூடும்.

லேசான நெருக்கத்துக்கும் சாய்வுக்கும் அலைனர் நன்றாகவே வேலை செய்யும். உங்கள் விஷயத்தில் என் கவலையெல்லாம் அந்தக் கோரைப்பல்மீதுதான். உருண்டையான பல்லில் பிளாஸ்டிக்குக்குப் பிடிமானம் கிடைக்காது, வழுக்கும். பிடிமானத்துக்காகப் பல் நிறத்தில் சிறு மேடு ஒட்டுவார்கள்; அப்படியும் முழுதாகத் திரும்பாமல் போகலாம். பல் அதிகம் திரும்பியிருந்தால் நான் கம்பி கிளிப்பையே தேர்ந்தெடுப்பேன். சில மாதம் கம்பி, பிறகு அலைனர் என்றும் செய்யலாம்.

இன்னொன்று: நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் அலைனர் வாயில் இருக்க வேண்டும். அலுவலகத்தில் அடிக்கடி தேநீர் குடிப்பவரானால், ஒவ்வொரு முறையும் கழற்றி, வாய் கொப்பளித்து, மறக்காமல் மாட்ட முடியுமா என்று உண்மையாக யோசியுங்கள். சிகிச்சை முடிந்த பிறகும், பல்லை அதே இடத்தில் பிடித்துவைக்கும் ரீடெய்னர் வேண்டும். திருப்பிய பல் பழைய இடத்துக்கே போகப் பார்க்கும்.

பணம் கட்டும் முன், ஈறும் எலும்பும் நன்றாக இருக்கின்றனவா என்று பல்சீரமைப்பு மருத்துவர் ஒருவர் நேரில் பார்த்து, எக்ஸ்ரேயும் எடுத்துச் சொல்லட்டும். கூடுதல் அலைனர்களும் ரீடெய்னரும் அந்தக் கட்டணத்திலேயே அடக்கமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.