ஆவணி மூல வீதி ஏன் முன்னால் வந்து நிற்கிறது?

கேள்வி: மீனாட்சியம்மன் கோயிலையும் சுற்றியுள்ள வீதிகளையும் வெளியூர்க்காரர்களுக்கு நடந்தே காட்டுவது என் தொழில். வீதிக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, அப்சிடியன் என்ற குறிப்பெடுக்கும் செயலியில் குறிப்பு வைத்திருக்கிறேன். கோயிலுக்குள்ளிருந்து வெளியே போகிற வரிசைதான் எனக்கு வேண்டும். ஆனால் ஆடி வீதிக்கு அடுத்தே ஆவணி மூல வீதி வந்து நிற்கிறது, சித்திரை வீதி அதற்குப் பின்னால் போய்விடுகிறது. சரி, மேலே இழுத்து வைக்கலாம் என்று பார்த்தால் பக்கத்து ஃபோல்டருக்குள் போய் விழுகிறது. என்ன செய்ய?
– வாசகர், சிம்மக்கல்

பதில்: உங்கள் மேல் தப்பில்லை. அப்சிடியனில் ஃபோல்டர்களைக் கையால் முன்பின் மாற்றும் வசதி அதனுடனேயே வருவதில்லை. பெயர், கடைசியாகத் திருத்திய நேரம், உருவாக்கிய நேரம் – இந்த மூன்றில் ஒன்றை நேராகவோ தலைகீழாகவோ வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதிலும் நேரப்படி அடுக்கச் சொன்னால் குறிப்புகள்தான் இடம் மாறும், ஃபோல்டர்கள் பெயர் வரிசையிலேயே மேலே நிற்கும். இழுத்து விட்டால் ‘இதை அதற்குள் போடு’ என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். உங்கள் குறிப்புகள் கம்ப்யூட்டரில் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்களாக, சாதாரண ஃபோல்டர்களில் இருக்கின்றன. எது முதல், எது அடுத்து என்று அந்த ஃபோல்டர்களில் எங்கேயும் எழுதி வைத்திருக்காது. பெயரைப் பார்த்துத்தான் செயலி அடுக்குகிறது.

அதனால் வரிசையைப் பெயரிலேயே எழுதிவிடுங்கள். 10 ஆடி வீதி, 20 சித்திரை வீதி, 30 ஆவணி மூல வீதி, 40 மாசி வீதி, 50 வெளி வீதி. 1, 2, 3 என்று நெருக்கிப் போடாமல் பத்துப் பத்தாக விடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாளைக்கே மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவில் பெருமாள் மேஸ்திரி வீதியைச் சேர்க்கத் தோன்றினால் 45 என்று போட்டு உள்ளே நுழைத்துவிடலாம், மற்ற எதன் பெயரையும் தொட வேண்டாம். பெயரை மாற்றும்போது மட்டும் அப்சிடியனுக்குள் இருந்தே மாற்றுங்கள், அப்போதுதான் ஒரு குறிப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போட்ட இணைப்புகளை அதுவே திருத்தும். அதற்கான அமைப்பு செட்டிங்ஸில் இருக்கிறது, ஆன் ஆகியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோல்டரை வெளியே திறந்து மாற்றினால் இணைப்புகள் அறுந்துபோகலாம்.

ஒவ்வொரு வீதிக்கும் உள்ளே இருக்கும் நான்கு திசைக் குறிப்புகளுக்கும் எண் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். கீழமாசி, தெற்குமாசி, மேலமாசி, வடக்குமாசி: அகர வரிசையே பிரதட்சிணமாகச் சுற்றும் வரிசையாக அமைந்துவிட்டது, அதை அப்படியே விடுங்கள். எண் எங்கே தேவையோ அங்கே மட்டும் போதும். எல்லாவற்றுக்கும் முன்னால் எண் ஒட்டினால் ஒரு குறிப்பைத் தேடும்போது கண்ணுக்கு எண்தான் படும், பெயர் படாது.

கேள்வி: வணக்கம் சார். எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். மருந்து, கூலி, பூ விலை எல்லாவற்றையும் மாதத்துக்கு ஒரு நோட்டாக எழுதி வைக்கிறேன். ஆடி, ஆனி, ஆவணி என்று வரிசை வருகிறது. வேறொரு ஆப்பில் ஆடி, ஆவணி, ஆனி என்று வந்தது. இரண்டுமே சரியில்லையே, ஏன் இப்படி?
– வாசகி, திருமங்கலம்

பதில்: நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். நம் நெடுங்கணக்கில் ன கடைசி எழுத்து, வ அதற்கு முன்னாலேயே வந்துவிடும், ஆகவே அகராதிப்படி ஆவணிக்குப் பிறகுதான் ஆனி. ஆனால் கம்ப்யூட்டர் எழுத்துகளைக் குறித்துவைக்கும் யூனிகோடு முறையில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு, அதில் ன என்பது ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அந்த எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் செயலியில் ஆனி முன்னால் வந்துவிடும். தமிழ் வரிசை தெரிந்த செயலி ஆவணியை முன்னால் வைக்கும். பஞ்சாங்க வரிசை இரண்டுக்குமே தெரியாது, அதை நீங்கள்தான் எண் போட்டுச் சொல்ல வேண்டும். 01, 02 என்று இரண்டு இலக்கமாகப் போடுங்கள். வெறும் 1, 2 என்று போட்டால் சில செயலிகள் 10-ஐக் கொண்டுபோய் 2-க்கு முன்னால் வைக்கும்.

அப்புறம் எனக்கு ஒன்று தோன்றுகிறது. 01-ஐ சித்திரைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? கார்த்திகை வாக்கில் கவாத்து பண்ணுகிறவர்கள் (செடியின் கிளைகளை வெட்டிவிடுகிறவர்கள்) என்றால் உங்கள் செடிக்கு வருஷம் பிறப்பது அப்போதுதான். 01 கார்த்திகை, 02 மார்கழி, 03 தை என்று ஆரம்பித்தால் கவாத்துக் கூலியிலிருந்து, பூ குறைந்து விலை ஏறும் தை மாதம், கோடையில் பூ கொட்டும் மாதங்கள் வரை ஒரே ஓட்டமாகப் படிக்கலாம். சித்திரையில் தொடங்கினால் ஒரு மகசூலின் செலவு ஒரு வருஷ ஃபோல்டரிலும் வரவு அடுத்த வருஷ ஃபோல்டரிலும் பிரிந்து கிடக்கும், கணக்கு பார்க்க உட்காரும்போது அது பெரிய இம்சை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் கவாத்திலிருந்துதான் தொடங்குவேன்.

தேதி வாரியாக எழுதும் பூ விலைக்கு வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் 2025-02-09 மாதிரி பெயர் வையுங்கள். நாளை முன்னால் போட்டால் எல்லா மாதத்து ஒன்றாம் தேதியும் ஒரே இடத்தில் குவியும்.

கேள்வி: ஆய்வேட்டுக்கு அப்சிடியனில் குறிப்பு எடுக்கிறேன். கையால் வரிசை மாற்ற பிளகின் (செயலியோடு சேர்த்துப் போடும் கூடுதல் வசதி) இருக்கிறது என்கிறார்கள். நம்பிப் போடலாமா?
– ஆய்வு மாணவர், நாகமலை புதுக்கோட்டை

பதில்: போடலாம், பயனர்களே எழுதிய பிளகின்கள் அதற்கென்றே இருக்கின்றன. ஆனால் நீங்கள் அடுக்கும் வரிசையை அந்த பிளகின்தான் தன் கணக்கில் வைத்துக்கொள்ளும். அதை எழுதியவர் நாளைக்குக் கைவிட்டாலோ நீங்கள் வேறு செயலிக்கு மாறினாலோ குறிப்புகள் பத்திரமாக இருக்கும், வரிசை போய்விடும். ஆய்வேட்டுக்கு அந்த ஆபத்து வேண்டாம் என்பேன்.

‘00 பொருளடக்கம்’ என்று ஒரு குறிப்பு திறந்து, இயல் வாரியாக மற்ற குறிப்புகளின் இணைப்புகளை வரிசையாக எழுதுங்கள். ஒரு வரியை வெட்டி மேலே ஒட்டினால் வரிசை மாறிவிடும். ஒரே குறிப்பு இரண்டாம் இயலிலும் நான்காம் இயலிலும் வர வேண்டியிருந்தால் இரண்டு இடத்திலும் எழுதலாம், ஃபோல்டரில் அது முடியாது. ஏன் இதற்கு அடுத்து அது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதி வைத்தால் நெறியாளர் கேட்கும்போது கையில் பதில் இருக்கும். தினமும் திறக்கிற ஐந்தாறு குறிப்புகளை மட்டும் அப்சிடியனின் புக்மார்க் பகுதியில் போட்டுக்கொள்ளுங்கள், அங்கே இழுத்து முன்பின் மாற்ற முடியும்.