கால் வீங்கும் முன்பே எடை ஏறிவிடும்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது என்று இரண்டு மாதத்தில் இரண்டு முறை வார்டில் சேர்க்க வேண்டியதாயிற்று. நீரைச் சிறுநீராக வெளியேற்றும் லாசிக்ஸ் 40 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, பெரிண்டோபிரில், பைசோபிரோலோல், ஸ்பைரோனோலாக்டோன் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் நாளுக்கு ஒன்றரை லிட்டர்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் எடை பார்க்கிறேன். இரவு 9 மணிக்கு லாசிக்ஸ் போட்டால் விடியும்வரை பாத்ரூமுக்கு நடக்கிறார். வெளியே போகிற நாளில் காலை மாத்திரையைத் தொடுவதே இல்லை. முட்டி வலிக்குப் பொன்ஸ்டான் போடுகிறார். வீங்கிய காலை அம்மா எண்ணெய் போட்டு உருவிவிடுகிறார். இதில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறுவேன் என்று வேறு நிற்கிறார். எங்கே தவறுகிறோம்?
— மகள், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: முதலில் அந்தப் பொன்ஸ்டானை எடுத்து ஒளித்து வையுங்கள். அப்பா திரும்பவும் வார்டுக்குப் போனதில் எங்கள் சந்தேகம் அதன்மேல்தான். பொன்ஸ்டான், வோல்டரன், புரூஃபென் மூன்றும் ஒரே வலிமாத்திரைக் குடும்பம். சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றவிடாமல் பிடித்து வைக்கும். லாசிக்ஸ் ஒரு பக்கம் இறைக்க, இது இன்னொரு பக்கம் நிரப்பும். முட்டி வலிக்குச் சாதாரண பனடோல் (பாராசிட்டமால்) மாத்திரை போதும். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வகை வேண்டாம், அதில் சோடியம் அதிகம். கடையில் விற்கும் மூட்டுவலி ஜாமுவும் (மலாய் மூலிகை மருந்து) வேண்டாம். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பது பாக்கெட்டில் எழுதியிருப்பதோடு முடிவதில்லை.

அடுத்தது எடை. வாரம் ஒருமுறை பார்த்துப் பயனில்லை. உடம்பில் ஒரு லிட்டர் நீர் தங்கினால் ஒரு கிலோ கூடும். கணுக்கால் வீங்கியது கண்ணுக்குத் தெரிவதற்குள் பல கிலோ சேர்ந்துவிட்டிருக்கும். தினமும் காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, பசியாறுவதற்கு முன், அதே கைலியோடு, அதே மெஷினில் நிறுத்துங்கள். மெஷின் சிமெண்டுத் தரையில் இருக்கட்டும். பாய், கார்ப்பெட் மேல் வைத்தால் எண் தப்பும். சுவரில் மாட்டிய காலண்டரிலேயே அந்தந்தத் தேதியில் எழுதிவிடுங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால், மூச்சு வாங்காவிட்டாலும், அன்றே கிளினிக்குக்குப் போன் செய்ய வேண்டும். மறு அப்பாயின்மெண்ட் வரட்டும் என்று காத்திருப்பதில்தான் பலர் வார்டுக்குத் திரும்புகிறார்கள்.

எடை பார்த்த கையோடு காலையும் பாருங்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்னெலும்பின் மீது, கட்டைவிரலால் ஐந்து விநாடி அழுத்தி எடுங்கள். பள்ளம் விழுந்து மெதுவாக நிரம்பினால் நீர். நேற்று கணுக்காலில் விழுந்த பள்ளம் இன்று முழங்கால் அருகே விழுந்தால் நிலைமை மோசமாகிறது. உருவுவதால் இந்த நீர் வடியாது. இழுபட்ட தோல் கீறி புண்ணாவதுதான் மிச்சம். அம்மாவுக்கு மனம் கேட்காது என்றால் தேங்காய் எண்ணெயை மேலாகப் பூசிவிடட்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் கையே வைக்கக்கூடாது. உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், நேரே ஆஸ்பத்திரிதான்.

லாசிக்ஸ் போட்ட ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி ஏறக்குறைய ஆறு மணி நேரம் நீடிக்கும். 9 மணிக்குப் போட்டால் விடியற்காலை 3 மணிவரை நடக்கத்தானே செய்வார்? அந்த அரைத்தூக்க நடையில்தான் விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. முதல் மாத்திரை காலை 8 மணிக்கு, இரண்டாவது மதியம் 2 மணிக்கு என்று மாற்றலாமா என மருந்தகத்தில் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். வெளியே போகும் நாளில் திரும்பி வந்ததும் போடலாம், நேரம் தள்ளினால் பரவாயில்லை. விட்ட மாத்திரையைச் சேர்த்து மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது. பைசோபிரோலோலைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. கட்டிலிலிருந்து எழும்போது ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழட்டும். இந்த மாத்திரைகள் எல்லாமே ரத்த அழுத்தத்தை இறக்குபவை. வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் அன்றே மருத்துவரைக் கேளுங்கள், நீர் வற்றிய உடம்பில் இவை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ஒன்றரை லிட்டர் கணக்குக்கு ஓர் எளிய வழி. ஒன்றரை லிட்டர் மினரல் வாட்டர் பாட்டில் ஒன்றைக் காலையில் நிரப்பி வையுங்கள். தண்ணீரை அதிலிருந்தே குடிக்கட்டும். தே ஓ (பால் சேர்க்காத டீ), மைலோ, ரசம், கஞ்சி எது குடித்தாலும் அதே அளவைப் பாட்டிலிலிருந்து ஊற்றிவிடுங்கள். பாட்டில் காலியானால் அன்றைய கோட்டா முடிந்தது. தாகத்துக்கு எலுமிச்சைத் துண்டைச் சப்பலாம், வாய் கொப்பளித்துத் துப்பலாம்.

உப்பு முழு நாளைக்கும் ஒரு மட்டத் தேக்கரண்டி, 5 கிராம். சமையலில் குறைத்துவிட்டோம் என்பார்கள். ஆனால் ஒரு மேசைக்கரண்டி கிச்சாப்பிலேயே (சோயா சாஸ்) 2 கிராமுக்கு மேல் போய்விடும். கருவாடு, நெத்திலி, பெலாச்சான் (இறால் விழுது), ஊறுகாய், அப்பளம், மெகி பாக்கெட்டின் தூள் எல்லாம் இதே ரகம். நாசி கண்டார் கடையில் குழம்பை 'பஞ்சிர்' (சோறு மூழ்க ஊற்றுவது) செய்யச் சொல்லாமல், கொஞ்சமாகத் தனியே வாங்குங்கள். உப்புக்குப் பதில் என்று விற்கும் 'குறைந்த சோடியம்' உப்பு உங்கள் வீட்டுக்குள் வரவே கூடாது. அதில் இருப்பது பொட்டாசியம். பெரிண்டோபிரிலும் ஸ்பைரோனோலாக்டோனும் ஏற்கெனவே பொட்டாசியத்தை ஏற்றுகின்றன, அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். இதே காரணத்தால் இளநீரும் வேண்டாம்.

இருமல் வந்தால், எப்போது என்று கவனியுங்கள். பகலெல்லாம் தொண்டை அரித்து வரும் வறட்டு இருமல் பெரிண்டோபிரிலால் இருக்கலாம், மருந்தை மாற்றித் தருவார்கள். படுத்தால் வந்து, உட்கார்ந்தால் அடங்கும் இருமலுக்குக் காரணம் நுரையீரலில் சேரும் நீர். ஒரு தலையணை மூன்றானாலும் நாற்காலியிலேயே தூங்க ஆரம்பித்தாலும் அதே பொருள்தான்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறுவது, இளஞ்சிவப்பு நுரையாகச் சளி, நெஞ்சு வலி, மயக்கம் — இவற்றில் எது வந்தாலும் 999. ஆம்புலன்ஸ் வரும்வரை படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்துக் காலைத் தொங்கவிடுங்கள், குடிக்க எதுவும் வேண்டாம், படியில் நடத்திக் கூட்டி வரவும் வேண்டாம். லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காத பழைய அடுக்குமாடி என்றால் அதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

தண்ணீர்மலைக்கு 500-க்கும் மேற்பட்ட படிகள். இரண்டு மாதத்தில் இரண்டு முறை வார்டில் படுத்தவருக்கு இந்த வருடம் அது ஆகாது என்பதே எங்கள் கருத்து. அடிவாரத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, நீங்கள் ஏறிவிட்டு வாருங்கள். விரதம் இருப்பாரென்றால் மாத்திரை நேரங்களை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். தண்ணீர்ப் பந்தலில் யாராவது அன்பாக நீர்மோர் நீட்டுவார்கள். அதிலும் உப்பு உண்டு, அதுவும் அந்த ஒன்றரை லிட்டரில் சேர்த்திதான்.