நாயகனுக்கு நீச்சல் தெரியுமா? கேம் கேள்வி பதில்

2003-ல் கும்பகோணத்தில் ஆறு சிஸ்டம் போட்டு பிரவுசிங் சென்டர் ஆரம்பித்தேன். மெயில் பார்க்க வந்தவர்களைவிட வைஸ் சிட்டி ஆட வந்த பையன்கள்தான் அதிகம். கடையை மூடிப் பல வருஷம் ஆச்சு, இப்போது சிஸ்டம் சர்வீஸ் பார்க்கிறேன். ஆட்டத்தை மட்டும் விடவில்லை. நம்ம டெல்டா பக்கமிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

மன்னார்குடி, இன்ஜினியரிங் கடைசி வருஷ மாணவர்: அண்ணே, கையில அறுபதாயிரம் இருக்கு. பி.எஸ். 5 (டி.வி.யில மாட்டி ஆடுற சோனி பிளேஸ்டேஷன் கன்சோல்) வாங்கலாமா, கேமிங் பி.சி. போடலாமா? பசங்க எல்லாம் பி.சி.தான் கெத்துன்னு சொல்றானுங்க.

கெத்துக்கு என்றால் புல்லட் வாங்கு தம்பி, தெருவே திரும்பிப் பார்க்கும். ஆடத்தான் என்றால் முதலில் இதைச் சொல்லு: அந்தப் பெட்டி ஆட்டத்துக்கு மட்டுமா, வேற வேலைக்குமா? கடைசி வருஷம் என்கிறாய். புராஜெக்ட், கோடிங், வேலை தேடல் எல்லாம் அதிலேதான் என்றால் பி.சி. போடு. ஏற்கெனவே ஒரு லேப்டாப் இருக்கிறது என்றால் யோசிக்காமல் பி.எஸ். 5.

மானிட்டர், கீபோர்டு, யு.பி.எஸ். எல்லாம் சேர்த்து அறுபதாயிரத்துக்குள் பி.எஸ். 5 அளவுக்குப் படம் காட்டுகிற பி.சி.யைப் புதுசாகப் போடுவது நடக்காத காரியம். அதே பணத்துக்கு கன்சோல் கெட்டியான சாமான். பி.எஸ். 4 வந்தது 2013, பி.எஸ். 5 வந்தது 2020. நடுவில் ஏழு வருஷம் யாரும் 'கிராபிக்ஸ் கார்டு மாத்தணும்' என்று புலம்பவில்லை.

பி.சி.யின் பலம் வேறு. இந்த வருஷம் போர்டும் பிராசஸரும், அடுத்த வருஷம் கிராபிக்ஸ் கார்டு என்று சீட்டு கட்டுவதுபோல் சேர்க்கலாம். 1999-ல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 இன்றைக்கும் அதில் ஓடும். பி.எஸ். 5-ல் பி.எஸ். 3 டிஸ்க்கைப் போட்டால் சீந்தவே சீந்தாது. காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்தை ஆன்லைனில் ஆட சோனிக்குத் தனியாகச் சந்தா வேறு கட்டவேண்டும். பி.சி.யில் அந்தத் தொல்லை இல்லை.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கலாம் என்று யாராவது சொன்னால் என் கதையைச் சொல்லு. 'வீட்ல யூஸ் பண்ணது சார்' என்று ஒரு கடையில் என் தலையில் கட்டினார்கள். சர்வீஸ்காரன் நானே நம்பிவிட்டேன். வீட்டில் கொண்டுவந்து ஹீட் சிங்க்கைக் கழற்றினால் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து திருநீறு மாதிரி உதிர்ந்தது. ராப்பகலாக காயின் மைனிங்கில், அதாவது டிஜிட்டல் காசு எடுக்கும் வேலையில், வெந்த கார்டு. நாலே மாதத்தில் திரையெல்லாம் கட்டம் கட்டமாக வந்து கண்ணை மூடியது. பரிசோதிக்காமல் வாங்கியது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

திருவாரூர், வாசகர்: சி.பி.யு. கேபினெட்டைத் தொட்டால் சுருக்சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. பழகிவிட்டது. பரவாயில்லையா?

பழகக் கூடாத விஷயம் சார் இது! உங்கள் பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை. பி.சி.க்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். உள்ளே கரண்ட் வரும் இரண்டு கம்பியிலிருந்தும் இரும்புப் பெட்டிக்குச் சின்னக் கெபாசிட்டர் போட்டிருப்பார்கள். அதில் கசிவதை எர்த் வாங்கிக்கொள்ளும். எர்த் இல்லாவிட்டால் பெட்டியின் மேல் 230 வோல்ட்டில் பாதி நிற்கும். ஆளைக் கொல்லும் அளவு கரண்ட் அல்ல. ஆனால் ஈரக்கையோடு, வெறுங்காலோடு, சிமென்ட் தரையில் உட்கார்ந்து ஆடுகிற நமக்கு அது விளையாட்டும் அல்ல. மதர்போர்டின் யு.எஸ்.பி. போர்ட்டும் இதனால் போகலாம்.

பல வீடுகளில் பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கும், பின்னால் பிரித்தால் எர்த் ஒயர் வெறுமனே சுருண்டு கிடக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை இணைக்கச் சொல்லுங்கள். எர்த் குழியில் கரியும் உப்பும் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சித்திரை, வைகாசியில் மண் காய்ந்தால் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். பி.எஸ். 5-க்கு ரெண்டு பின் ஒயர்தான், எர்த் பின்னே கிடையாது. 'கன்சோல்ல ஷாக் அடிக்கல' என்று சொல்கிறவர்கள் வீட்டிலும் எர்த் இல்லாமல் இருக்கலாம், கவனம்.

நன்னிலம், கடை ஊழியர்: ராத்திரி பம்ப் செட் ஓட ஆரம்பித்தால் லைட் மங்கும், சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகும். வீட்டு இன்வெர்ட்டர் போதுமா?

சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் போதாது. நல்ல எஸ்.எம்.பி.எஸ்.கள் சுத்தமான சைன் அலையைத்தான் எதிர்பார்க்கும், இல்லாவிட்டால் உறுமும் அல்லது அணைந்துவிடும். கணக்கு இதுதான்: பி.எஸ். 5 ஆடும்போது சுமார் 200 வாட், டி.வி. 100 வாட். 600 வி.ஏ. யு.பி.எஸ். ஏறக்குறைய 360 வாட் தாங்கும், அதனால் சேவ் பண்ணி அணைக்க நேரம் கிடைக்கும். நடுத்தர கார்டு போட்ட பி.சி.க்கு 1000 வி.ஏ., அதுவும் சைன் அலை. ஆட்டத்தைத் தொடர்வதற்கு யு.பி.எஸ். இல்லை. ஆட்டத்தின் பெரிய வில்லனான பாஸோடு சண்டை போடும்போது கரண்ட் போனால் பாஸை மறந்து பெட்டியைக் காப்பாற்றுங்கள்.

மயிலாடுதுறை பக்கத்துக் கிராமம், விவசாயி மகன்: தை மாதம் வந்தாலே பி.சி. சூடாகி ஆட்டம் திக்குகிறது. என்ன மாயம்?

மாயமெல்லாம் இல்லை, பதர்தான். வீட்டுப் பக்கத்தில் அறுப்பு மெஷின் இறங்கினால் பொடித் தூசியும் கருக்காயும் காற்றில் வந்து முன்பக்க ஃபேன் வலையில் கம்பளி மாதிரி அப்பிக்கொள்ளும். போன வருஷம் ஒரு கேபினெட்டைத் திறந்தேன், உள்ளே ஒரு பல்லியும் கைப்பிடிப் பதரும். பல்லி உயிரோடுதான் இருந்தது, பதமான சூடு போல. அறுவடை முடிந்ததும் வலையைக் கழற்றிக் கழுவிக் காயவைத்துப் போடு. வேக்குவம் கிளீனரை மதர்போர்டில் வைக்காதே, பெயின்ட் பிரஷ் போதும்.

கும்பகோணம், பேங்க் ஊழியர்: இரண்டாம் பாகங்கள் எல்லாம் காசு பறிக்கும் வேலை என்பது என் கட்சி. நீங்கள்?

எதிர்க்கட்சி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் எனக்கு ஒரு சொந்த அளவுகோல் உண்டு: நாயகன் நீந்தக் கற்றுக்கொண்டானா?

வைஸ் சிட்டி 2002-ல் வந்தது. அதன் நாயகன் டாமி ஹெலிகாப்டர் ஓட்டுவான், டேங்க் ஓட்டுவான், ஊரையே கையில் வைத்திருப்பான். கடல் ஓரத்தில் கால் தவறி விழுந்தால் செத்தான். காவிரிப் படித்துறையிலிருந்து தலைகீழாகக் குதித்து வளர்ந்த பையன்கள் என் சென்டரில் அதைப் பார்த்து அடித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. 'அண்ணே, இவன் என்ன பெரிய ரவுடி, நீச்சல்கூடத் தெரியல?' 2004-ல் அதே வரிசையில் அடுத்து சான் ஆண்ட்ரியாஸ் வந்தது, பி.சி.க்கு 2005-ல். அதன் நாயகன் சி.ஜே. நீந்தினான், முங்கினான். அன்றைக்கு என் கடையில் மிஷன் எதுவும் நடக்கவில்லை. ஆறு சிஸ்டத்திலும் ஆறு பேர் சும்மா நீந்திக்கொண்டிருந்தார்கள், மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து.

அசாசின்ஸ் கிரீட் முதல் பாகம் 2007. நாயகன் அல்தாயிர் கோபுரம் ஏறுவான், தண்ணீரில் விழுந்தால் முடிந்தது. 2009-ல் இரண்டாம் பாகத்தின் நாயகன் எட்ஸியோ வெனிஸ் கால்வாயில் மீன் மாதிரி போவான். தி லாஸ்ட் ஆஃப் அஸ்-ல் எல்லி என்ற சிறுமிக்கு நீச்சல் தெரியாது. அவளைக் கூட்டிப்போகும் நாயகன் ஜோயல் மரப்பலகையைத் தள்ளிக்கொண்டு வந்து அவளை அக்கரை சேர்ப்பார், எல்லாம் முடிந்ததும் நீச்சல் கற்றுத் தருகிறேன் என்றும் சொல்வார். அது 2013. 2020-ல் இரண்டாம் பாகம் ஆடும்போது எல்லி தண்ணீரில் பாய்கிறாள். யார் கற்றுக்கொடுத்திருப்பார் என்று நினைத்த நொடி தொண்டை அடைத்தது. இரண்டாம் பாகம் இல்லாவிட்டால் அந்த நொடி கிடைக்குமா?

ரெட் டெட் ரிடெம்ப்ஷன்காரர்கள் குசும்பர்கள். 2010-ல் வந்த முதல் பாகத்தின் நாயகன் ஜான் மார்ஸ்டனுக்கு நீச்சல் தெரியாது. 2018-ல் வந்த இரண்டாம் பாகம் அதற்கு முந்தைய காலத்துக் கதை. அதில் புது நாயகன் ஆர்தர் நீந்துவார், ஆனால் ஜான் அப்போதும் மூழ்குவார். தொழில்நுட்பக் குறையாக இருந்ததை அந்த ஆளின் குணமாகவே ஆக்கிவிட்டார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்தது.

ஆக, முதல் பாகத்தில் நாம் திட்டியது எதுவோ அதைக் காதில் வாங்கியிருந்தால் காசு கொடுக்கலாம். புராஜெக்ட் ஐ.ஜி.ஐ. என்ற துப்பாக்கி ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? மிஷன் நடுவில் சேவ் கிடையாது. கடைசி வாசலில் ஒரு குண்டு பட்டால் மறுபடி முதலிலிருந்து. 2003-ல் இரண்டாவது பாகத்தில் சேவ் கொடுத்தார்கள், அதுவும் எண்ணிக்கை வைத்து, ரேஷன் சர்க்கரை மாதிரி. அதுதான் சரியான அளவு என்பேன். வரைபடத்தை மட்டும் நாலு மடங்கு பெருசாக்கி, ஊர் முழுக்கக் கொடி பொறுக்கவிடும் பாகங்கள் பற்றித்தான் நீங்கள் சொல்கிறீர்கள் என்றால், அங்கே நானும் உங்கள் கட்சி.

தஞ்சாவூர், பள்ளி ஆசிரியை: சோழர்கள் வரும் நல்ல ஆட்டம் ஏதாவது இருக்கிறதா? பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று.

இருக்கிறது டீச்சர். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபனிட்டிவ் எடிஷனுக்கு 2022 ஏப்ரலில் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற சேர்க்கை. அதில் திராவிடர் என்று ஒரு நாகரிகமும், ராஜேந்திரன் பெயரிலேயே ஒரு படையெடுப்புக் கதையும் உண்டு. உறுமி சுழற்றும் வீரன், திரிசடை என்ற போர்க்கப்பல், எஃகு ஆராய்ச்சி செய்தால் எதிரியின் கவசத்தை மதிக்காத வாள் என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். மீனவர்கள் கூடுதலாக மீன் சுமப்பார்கள். குதிரை நமக்குப் பலவீனம், நைட் என்ற கவசக் குதிரைவீரர் வரிசையே கிடையாது. கடல் கடந்து படை அனுப்பிய ராஜேந்திரனுக்குக் கப்பல் பலம் கொடுத்தது பொருத்தம்தான். இதே ஆட்டத்தில் முன்பு ஒட்டுமொத்த இந்தியாவையும் ஒரே நாகரிகமாகப் போட்டு ஒப்பேற்றியிருந்தார்கள். வகுப்பில் காட்டும்போது ஆட்டத்தை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். மற்றபடி பெரிய கோயிலைச் சுற்றிக் காட்டிவிட்டு வந்து இதை ஆடவிட்டால் பையன்கள் அசையமாட்டார்கள்.

பட்டுக்கோட்டை, ஒரு அம்மா: பையன் எப்பப் பார்த்தாலும் போனில் சுட்டுக்கொண்டே இருக்கிறான். கூட உட்கார்ந்து நானும் ஆடுகிற மாதிரி ஏதாவது?

'வெண்பா' என்று ஒரு சமையல் ஆட்டம் இருக்கிறது, அதை ஆடுங்கள் அக்கா. 2023-ல் வந்தது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் கிடக்கும், விட்டுப்போனதை ஊகித்துச் சமைக்கவேண்டும். முதலில் இட்லி. இட்லித் தட்டு எப்படி அடுக்கவேண்டும் என்று பையன் உங்களைத்தான் கேட்பான், பாருங்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் அறிமுக ஆட்டத்துக்கான விருதும் வாங்கியது.

நாகப்பட்டினம், கல்லூரி மாணவி: 100 ஜி.பி. கேமை மொபைல் டேட்டாவில் இறக்கலாமா அண்ணா?

தினம் 1.5 ஜி.பி. பேக் என்றால் 67 நாள் ஆகும்மா. குறுவை நெல்லே பாதிக்கு மேல் வளர்ந்துவிடும். 50 எம்.பி.பி.எஸ். கேபிள் லைன் இருக்கும் தோழி வீட்டில் நாலரை மணி நேரம். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போ.

பாபநாசம், வாசகர்: கன்சோலில் டிஸ்க்கா, டிஜிட்டலா?

டிஸ்க். முடித்ததும் விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், மச்சானுக்குக் கடன் கொடுத்துத் திரும்ப வராமல் வருத்தப்படலாம். பி.சி.யில் அந்த வழி இல்லை. ஆனால் பி.சி. ஆட்டங்கள் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும்.

வேதாரண்யம், வாசகர்: இன்னும் கிரிக்கெட் 07-தான் ஆடுகிறேன். என்னை என்ன செய்யலாம்?

கையைக் குலுக்கலாம். அதைச் செய்த ஈ.ஏ. நிறுவனம் அதற்கப்புறம் கிரிக்கெட்டையே கைகழுவிவிட்டது. அதனாலேயே ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு பேட்ச் போட்டு ஜெர்சியும் டீமும் மாற்றி உயிரோடு வைத்திருக்கிறார்கள். பிக் ஆன்ட் நிறுவனத்தின் கிரிக்கெட் 24-ல் படமெல்லாம் பளிச்சென்று இருக்கும். கவர் டிரைவ் அடித்த சுகம் எனக்கு 07-ல்தான்.

திருவிடைமருதூர், வாசகர்: ஹாஃப் லைஃப் 3 எப்போதுதான் வரும்?

இரண்டாம் பாகம் 2004. அதன் தொடர்ச்சியான எபிசோட் டூ 2007-ல் கதையை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போனது. மேட்டூருக்காவது ஜூன் 12 என்று ஒரு தேதி இருக்கிறது சார்.