சோப்பு போட்டுக் கழற்றிய மோதிரம்

கேள்வி: எனக்கு அடுத்த மாதம் நிச்சயம். அவருடைய அம்மா 28 வருடமாகப் போட்டிருந்த ஒற்றைக்கல் வைர மோதிரத்தை எனக்காக அவர் வாங்கி வந்திருக்கிறார். விரல் பருத்திருந்ததால் சோப்பு போட்டுத்தான் கழற்ற முடிந்ததாம். வழவழ வளையம், மேலே தூக்கி வைத்த ஒரு வட்டக் கல், அவ்வளவுதான். என் தோழிகள் எல்லாரும் சுற்றிலும் பொடிக்கல் வைத்த ஹாலோ மோதிரம் போட்டிருக்கிறார்கள். இந்தக் கல்லை எடுத்து அப்படி மாற்றிச் செய்யலாமா? இந்தப் பழைய மாடலை இன்னும் யாராவது விரும்புகிறார்களா?

பதில்: மாடலைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள் சோப்பை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

சோப்பு போட்டால்தான் வருகிறது என்றால், அந்த அம்மா அதைப் பல வருடமாகக் கழற்றவே இல்லை என்று அர்த்தம். பாத்திரம் தேய்க்கும்போதும் பிள்ளையைக் குளிப்பாட்டும்போதும் அது விரலில் இருந்திருக்கிறது. கழற்றிய இடத்தில் தோல் வெளுத்து, வளையம் அழுந்திய பள்ளம் தெரியும். நீங்கள் அந்த விரலைப் பார்த்தீர்களா? அப்புறம் இன்னொன்று. ‘அத்தை கொடுத்தார்’ என்று நீங்கள் எழுதவில்லை, ‘அவர் வாங்கி வந்திருக்கிறார்’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை கேட்டால் எந்தத் தாய் இல்லை என்பாள்?

உங்களுக்கு வரப்போகிறவரிடமும் எனக்குக் கோபம்தான். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்கு மோதிரம் வாங்குவது அவர் கடமை. கடுகளவு கல்லானாலும் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கட்டும். அம்மாவாக மனமுவந்து தந்தால் அது வேறு.

மாடல் விஷயத்துக்கு வருகிறேன். ஆறு கம்பிகள் பிடிக்க, வளையத்துக்கு மேலே கல்லைத் தூக்கி நிறுத்தும் இந்த அமைப்பை அமெரிக்க நகை நிறுவனமான டிஃபனி 1886-ல் கொண்டுவந்தது. கல்லை உலோகம் மூடாததால் பக்கவாட்டிலும் வெளிச்சம் படும். வட்டக் கல்லில் 57 பட்டைகள், அடிநுனியையும் தீட்டினால் 58. மேலே விழும் ஒளி அடிப்பட்டைகளில் மோதி மறுபடி கண்ணுக்கே திரும்ப எந்தக் கோணத்தில் தீட்ட வேண்டும் என்று மார்செல் டோல்கோவ்ஸ்கி என்ற பொறியாளர் 1919-ல் கணக்குப் போட்டு எழுதினார். இன்றைக்கும் வட்ட வைரத்துக்கு அடிப்படை அந்தக் கணக்குதான். நீங்கள் புதுசு என்று நினைக்கும் ஹாலோ 1920-களிலேயே மோஸ்தராக இருந்தது, நடுக்கல்லைப் பெரிதாகக் காட்டும் என்பதால். பொடிக்கற்களைப் பிடித்திருப்பது மயிரிழை போன்ற உலோகம். தேய்ந்தால் கல் உதிரும்.

ஒற்றைக்கல் இத்தனை காலம் நிலைத்ததற்கு என் கண்ணில் படும் பெரிய காரணம் அந்த வழவழ வளையம்தான். அதை அறுத்துப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம், ஒட்டுத் தெரியாது. மாமியார் விரலிலிருந்து மருமகள் விரலுக்கு வருவது அதனால்தான் சுலபம். சுற்றிலும் கல் பதித்த வளையத்தில் இது லேசில் நடக்காது.

ஆகவே மாற்றிச் செய்யக் கூடாது என்பது என் பதில். கொடுத்தவர் கண்ணெதிரே இருக்கும்போது, அவர் பார்த்தால் அடையாளம் தெரியாதபடி அவர் நகையை மாற்றுவது தப்பு. பெரியவர்கள் மனசு நோக ஒரு குடித்தனத்தைத் தொடங்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரி.

நாளைக்கே அத்தையிடம் போங்கள், உங்களுக்கு வரப்போகிறவர் உடன் வர வேண்டாம். மோதிரத்தை அத்தை கையில் வைத்து, “இது உங்களிடமே இருக்கட்டும் அத்தை, எனக்கு இவர் வாங்கித் தரட்டும்” என்று சொல்லுங்கள். வாங்கிக்கொண்டால் சரி, விஷயம் முடிந்தது. “இல்லைம்மா, நீ போட்டுக்கோ” என்று அவராகச் சொன்னால், அத்தையையும் கூட்டிக்கொண்டு நகை வேலை செய்பவரிடம் போங்கள். வைரம் தேயாது, தங்கம் தேயும். 28 வருடத்தில் அந்த ஆறு கம்பிகளின் நுனியும் மழுங்கியிருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்து, தேய்ந்த நுனிக்கு மட்டும் புதுத் தங்கம் வைக்கச் சொல்லுங்கள்.