வேலிக்கு யார் காவல்?

கேள்வி: வியட்நாம் காடுகளில் அமெரிக்கர்கள் திணறினார்கள். ஆஸ்திரேலியர்களோ லாங் டானில் 108 பேரை வைத்துக்கொண்டு பெரும்படையை விரட்டினார்கள். காட்டுப்போரில் அவர்களை மிஞ்ச ஆளில்லை என்பது சரிதானே?
– வாசகர், காரைக்குடி

பதில்: பாதி சரி. ஆனால் நீங்கள் எடுத்த உதாரணம் தப்பு. 1966 ஆகஸ்ட் 18 அன்று லாங் டான் சண்டை நடந்தது காட்டில் அல்ல, வரிசை பிடித்து நட்ட ரப்பர் தோட்டத்தில். நீங்கள் சொன்ன அந்த 108 பேரை, அதாவது டி கம்பெனியை, காப்பாற்றியவை ஆஸ்திரேலியர்களின் நுய் டாட் முகாமிலிருந்து சுட்ட 24 பீரங்கிகள், கொட்டும் மழையில் தோட்டாப் பெட்டிகளை இறக்கிய ஹெலிகாப்டர்கள், இருட்டும் வேளையில் வந்து சேர்ந்த கவச வண்டிகள். அப்படியும் 18 பேர் செத்தார்கள். அது துணிச்சல், காட்டு வித்தை அல்ல.

காட்டு வித்தையை அவர்கள் 1955 முதல் மலேயாவில், பேராக், கெடா பக்கத்துக் காடுகளில் பழகினார்கள். ஒற்றையடிப் பாதை எவ்வளவு வசதியாக இருந்தாலும் அதில் கால் வைப்பதில்லை. பேச்சு கிடையாது, கைச்சாடைதான். குலுங்கிச் சத்தம் போடும் உலோகத்தையெல்லாம் டேப் சுற்றி அடக்குவார்கள். சில நூறு மீட்டர் நகர ஒரு மணி நேரம் ஆனாலும் கவலையில்லை. அந்தியிலும் விடியலிலும் எல்லோரும் துப்பாக்கியோடு அசையாமல் காத்திருப்பார்கள். தென் வியட்நாமின் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களான வியட் காங் இந்த ரோந்துக்கு அஞ்சியது உண்மை. உங்கள் பாதி இதோடு முடிந்தது.

மீதிப் பாதிக்கு டாட் டோ என்று பெயர். அது தென் வியட்நாமில் ஓர் ஊர். 1967-ல் ஆஸ்திரேலியப் படைத்தளபதி பிரிகேடியர் ஸ்டூவர்ட் கிரகாமிடம் இருந்தது இரண்டே காலாட்படை பட்டாலியன்கள். அந்த ஊர் இருந்த புவோக் துய் மாகாணம் முழுவதையும் இவர்களை வைத்தே பார்க்க வேண்டும். கிராமத்து நெல்லும் ஆட்களும் கிழக்கே காட்டிலிருந்த கெரில்லாக்களுக்குப் போவதைத் தடுக்க வேலி போடலாம் என்று முடிவெடுத்தார். டாட் டோ அருகிலிருந்து கடற்கரை வரை சுமார் 11 கி.மீ. இரண்டு முள்கம்பி வேலிகள். நடுவே நூறு மீட்டர் அளவுக்கு இடைவெளி. அதில் 20,000-க்கும் மேற்பட்ட எம்16 கண்ணிவெடிகள். (எம்16 என்றதும் துப்பாக்கியை நினைக்காதீர்கள். அதே எண்ணில் இதுவும் உண்டு.)

பொருள் என்னவென்று பாருங்கள். டப்பா வடிவம், எடை மூன்றரை கிலோவுக்குச் சற்று மேல், உள்ளே அரைக் கிலோ டி.என்.டி. மண்ணுக்கு வெளியே தெரிவது மூன்று முள் மட்டும். நாலு கிலோ அழுத்தமே போதும். சினிமாவில் காட்டுவதுபோல் காலை எடுத்தால்தான் வெடிக்கும் என்பதெல்லாம் கதை. மிதித்த மாத்திரத்தில் திரி பற்றிவிடும். நொடிப்பொழுதில் டப்பா இடுப்பு உயரத்துக்குத் துள்ளி வெடிக்கும். சிதறும் இரும்பு 25 மீட்டர் தூரத்துக்குள் நிற்பவரைக் கொல்லும். ஒருவர் மிதித்தால் ஐந்தாறு பேர் விழுவது இதனால்தான். தோண்டி எடுப்பவரைத் தடுக்க, பாதிக்கு மேற்பட்டவற்றின் அடியில் கையெறி குண்டு ஒன்றைப் பொறியோடு வைத்தார்கள்: மேலே உள்ள கனம் நீங்கினால் குண்டு வெடிக்கும். இதைப் போடும்போதே பொறியாளர் படையினர் சிலர் உயிரை விட்டார்கள்.

எந்த நாட்டு ராணுவப் பாடத்திலும் இருக்கும் விதி: கண்ணிவெடி வயலின் மேல் இரவும் பகலும் கண் இருக்க வேண்டும், உள்ளே நுழைபவன் மேல் சுட ஆள் இருக்க வேண்டும். வெடி எதிரியைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான், நிறுத்துவது துப்பாக்கி. கிரகாமுக்கு இது தெரியாததல்ல. அந்தக் காவலைத் தென் வியட்நாமின் உள்ளூர்ப் படை செய்யும் என்று நம்பினார். ஆள் பற்றாக்குறைக்காக வேலி போட்டவர், வேலிக்கு வேண்டிய ஆளைக் கடன் கேட்டார். 11 கி.மீ. நீளத்துக்கு அந்தப் படையிடம் ஆளும் இல்லை, ராத்திரி வெளியே வர மனமும் இல்லை.

கெரில்லாக்கள் இருட்டில் வேலிக்குள் தவழ்ந்து போனார்கள். விரலால் மண்ணைத் தடவி முள்ளைக் கண்டுபிடித்து, வெடிக்காமலிருக்கப் பாதுகாப்பு ஊசி இருந்த துளையில் கம்பியைச் செருகினார்கள். அடியில் இருந்த பொறி முதலில் சிலரைக் கொன்றது. எல்லாக் கண்ணிக்கும் அடியில் பொறி இல்லை, இருந்த இடத்திலும் ஒரே மாதிரிப் பொறிதான். பழகப் பழக அதையும் அடக்கிவிட்டார்கள். ஆயிரக்கணக்கில் எடுத்துப் போனார்கள். நல்ல தரம், கூலி இல்லை, செலவு இல்லை. லாங் ஹாய் மலைச் சரிவில் அதே டப்பாக்களை மறுபடி புதைத்தார்கள். பாதையை ஒதுக்கி நடந்த ஆஸ்திரேலியர்களின் பழக்கத்தையும் அவர்கள் படித்து வைத்திருந்தார்கள். ஆள் ஓய்வெடுக்க ஒதுங்கும் நிழல், ஹெலிகாப்டர் இறங்க ஏற்ற வெட்டவெளி, அங்கெல்லாம் வைத்தார்கள். 1970 பிப்ரவரி 28 அன்று அந்த மலையில் எட்டாவது பட்டாலியனின் நடவடிக்கையில் ஒரே நாளில் 9 பேர் கண்ணிவெடிக்குப் பலி. முதல் வெடியில் விழுந்தவர்களைத் தூக்கப் போன இடத்திலேயே இரண்டாவது வெடித்தது.

கடைசியில் போட்டவர்களே அந்த வயலை அழிக்க வேண்டியதாயிற்று. சில ஆண்டு மழையில் மண் நகர்ந்து, புல் மூடி, எது இருக்கிறது எது களவு போயிற்று என்று வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத நிலை. கையால் எடுப்பது தற்கொலை. கவச வண்டிகளில் டயர்களைக் கட்டி இழுத்து, மிதித்தே வெடிக்க வைத்துப் பார்த்தார்கள்.